தேரும் சகடமும்: விரைவு நெடும்பயண மோட்டார்ச் சைக்கிளும் வாவிக்கரைப் பாதைகளும்

1

சங்கப் பாடல்களில் இருவகை ஊர்திகள் இருவேறு உலகங்களைச் சுட்டி நிற்கின்றன. ஒன்று, வினைமுடித்து மீளும் தலைவனின் தேர். அது விரைவின் ஊர்தி. பாகனின் திறனும் குதிரையின் கதியும் அகப்பாடல்களிலே திரும்பத் திரும்ப வியந்து பேசப்படுவன. மற்றது, உமணரின் சகடம். அது சுமையின் ஊர்தி. கடற்கரை நிலத்து உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று நெல்லாக மாற்றி மீள்வது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உமணர் தம் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் உதிரி அச்சுக்கு அவனை உவமித்தமையைப் புறநானூற்றின் 102ஆம் பாடலிற் காண்கிறோம். நெடுவழியிலே அச்சு முறியக்கூடும் என்ற அனுபவ அறிவே அவ்வுவமையின் அடித்தளம். ஊர்தியைத் தனியே நோக்காது, அது சுமக்கும் பாரத்தோடும் செல்லும் வழியோடும் சேர்த்து நோக்கும் பொறியியற் பார்வை நமது மிகப் பழைய இலக்கியத்திலேயே பதிவாகியுள்ளது எனலாம்.

இப்பார்வையைத் துணைக்கொண்டு, இன்றைய பொறியியலின் நுட்பமான ஆக்கங்களில் ஒன்றாகிய விரைவு நெடும்பயண மோட்டார்ச் சைக்கிளை, அதாவது 'ஸ்போர்ட் ரூறர்' என உலகச் சந்தையில் வழங்கும் வண்டியை, விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதனை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று நோக்குவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அத்தகைய வண்டி இங்கு அரிதினும் அரிது. ஆயினும், மோட்டார்ச் சைக்கிளின்றி ஒருநாட் பொழுதும் கழியாத பிரதேசம் இது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி நிலத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கின்றது. எழுவான்கரையிலே பட்டினமும் சந்தையும் வைத்தியசாலையும் உள்ளன. படுவான்கரையிலே வயல் வட்டைகளும் மாட்டுப் பட்டிகளும் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்கும் உழைப்பின் பெரும்பகுதி இன்று இரு சில்லுகளின் மீதே நடைபெறுகின்றது.

இங்கு 'பாதை' என்ற சொல்லுக்கே இரு பொருள் உண்டு. நிலத்தின் மீது கிடக்கும் வழியும் பாதை. வாவியைக் கடக்க மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையும் பாதை. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை மக்கள் பாதையிலேயே கடந்தனர். குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதையே நெடுங்காலம் உதவிற்று. பாதையின் பலகைத் தளத்தில் வரிசையாக நிறுத்தப்படும் மோட்டார்ச் சைக்கிள்களின் பின்னால் மீன்பெட்டி, பாற்கலம், உரமூடை, பாடசாலைப் பை என்பன கட்டப்பட்டிருக்கும். ஒரு சமுதாயத்தின் பொருளாதார வாழ்வை அறிய விரும்பும் ஆய்வாளனுக்கு அவ்வரிசை ஒரு நல்ல ஆவணமாகும்.

2

மோட்டார்ச் சைக்கிள் உற்பத்தியில் இரு மரபுகள் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. பந்தயக் களத்தின் வழிவந்த வண்டி இலேசானது. குறுகிய அச்சிடைத் தூரம் உடையது. ஓட்டுநரை முன்நோக்கிக் குனியச் செய்வது. நெடும்பயண வண்டி பாரமானது; நீண்டது; நிமிர்ந்திருக்க விடுவது; இருவரையும் அவர்தம் பொதிகளையும் ஏற்பது. முன்னது வளைவில் விரைந்து திரும்ப வேண்டும். பின்னது நேர்வழியில் அசையாது செல்ல வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. அம்முரணை ஒரே உடலில் இணக்க முயன்றதன் விளைவே விரைவு நெடும்பயண வண்டி.

ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஆர் 100 ஆர்.எஸ். இவ்வகையின் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதன் முழுக் காற்றுக்கவசம் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்திலே சோதித்து உருவாக்கப்பட்டது. பின்னர் 1986இல் கவசாகியின் ஜீ.ரீ.ஆர். 1000, 1990இல் ஹொண்டாவின் எஸ்.ரீ. 1100, 2001இல் யமஹாவின் எஃப்.ஜே.ஆர். 1300 என்பன தோன்றின. பெயர்களை இவ்வாறு அடுக்குவதாற் பயன் சிறிது. இவ்வண்டிகள் தோன்றுவதற்கு எவ்வகைச் சமுதாயம் இருக்க வேண்டியிருந்தது என்பதே முதன்மையான வினா.

தடையின்றி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லும் பெருந்தெருக்களும், உழைப்பிலிருந்து விடுபட்ட நாட்களும் அதற்கு வேண்டியிருந்தன. அந்நாட்கள் முதலாளித்துவம் மனமுவந்து அளித்தவை அல்ல. பிரான்சிலே 1936இல் வேலைநிறுத்தங்களின் பேரலைக்குப் பின்னரே தொழிலாளர் சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையைச் சட்டமாகப் பெற்றனர். எனவே நெடும்பயண வண்டியைச் செல்வரின் விளையாட்டுப் பொருள் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் வரலாற்று நோக்காகாது. அதன் பின்னணியில் உழைக்கும் மக்கள் வென்றெடுத்த ஓய்வும் உண்டு. அவ்வோய்வைப் பண்டமாக்கி விற்ற சந்தையும் உண்டு.

3

இனி அதன் பொறியியலுக்கு வருவோம். விரைந்து செல்லும் வண்டி முதலில் எதிர்கொள்வது காற்றை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். அவ்வெதிர்ப்பை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கேற்ப வளரும். மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்பவர் தமது வேகத்தை 120 ஆக இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். காற்றுக்கவசம் இவ்வெதிர்ப்பைக் குறைப்பதோடு, ஓட்டுநரின் மார்பில் மோதும் விசையையும் திசைதிருப்புகின்றது. அவ்விசை குறைந்தால் மணிக்கட்டும் கழுத்தும் களைப்படையா. ஆகவே காற்றுக்கவசம் விரைவின் கருவி மட்டுமன்று, நெடுந்தூரத்தின் கருவியுமாகும். முற்கூறிய முரண் இங்கு முதன்முதலாக இணக்கம் பெறுகின்றது.

ஆயின், முன்காற்றிலிருந்து காக்கும் அகன்ற பரப்புப் பக்கக்காற்றுக்கு இடங்கொடுக்கும். கச்சான் வீசும் பருவத்தில் கல்லடிப் பாலத்தின் மீது செல்லும் மீன் வியாபாரி இதனை ஏட்டுக் கல்வியின்றியே அறிவார். அவரது பின்னாசனத்துப் பெட்டியும் ஒரு பாயே. அதன் மீது மோதும் காற்று வண்டியின் பின்பகுதியை ஒருபுறம் தள்ள, முன்சில்லு மறுபுறம் நாடும். அவர் வேகத்தைத் தணித்து, உடலைக் காற்றின் பக்கமாகச் சற்றே சாய்த்துக் கடப்பார். காற்றுச் சுரங்கத்திலே பொறியியலாளர் அளந்தறிந்ததும் இதே விசையைத்தான்.

எஞ்சினைப் பொறுத்தவரை வலுவும் முறுக்குவிசையும் வேறுபடுத்தி அறியப்பட வேண்டியவை. முறுக்குவிசை என்பது சுழல்தண்டைத் திருப்பும் விசை. வலு என்பது அத்திருப்புதல் எவ்வளவு விரைவாக நடைபெறுகின்றது என்பதையும் சேர்த்த அளவு. பந்தய வண்டி மிகுந்த சுழற்சி வேகத்திலே பெருவலுவைத் தரும். தாழ்ந்த சுழற்சியிலே சோர்ந்திருக்கும். நெடும்பயண வண்டிக்கோ தாழ்ந்த சுழற்சியிலும் நடுத்தரச் சுழற்சியிலும் நிறைந்த முறுக்குவிசை வேண்டும். அப்போதுதான் இருவரையும் பொதிகளையும் சுமந்து, ஓயாது கியர் மாற்றாமல் மலையேற முடியும். இதன்பொருட்டே இவை ஆயிரம் கன சென்ரிமீற்றரைத் தாண்டிய பல்லுருளை எஞ்சின்களைக் கொண்டுள்ளன. எஃப்.ஜே.ஆர். 1300 வண்டியில் 1298 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு உருளைகள் ஒரே நிரையில் அமைந்துள்ளன. அவற்றின் அதிர்வைத் தணிக்கச் சமன்செய்யும் தண்டுகள் உள்ளே சுழல்கின்றன. மணிக்கணக்கான அதிர்வு கையை மரத்துப்போகச் செய்யும் என்பதால், அதிர்வைத் தணிப்பதும் நெடுந்தூரப் பொறியியலின் ஒரு கூறாயிற்று.

நமது வீதிகளிலே ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை ஓசூரிலும் பூனாவுக்கு அருகிலும் கட்டப்பட்ட ஒற்றையுருளை வண்டிகள். அவற்றுள் நூறு கன சென்ரிமீற்றர் வகையினவற்றின் வலு ஏழெட்டுக் குதிரைவலுவுக்கு மேற்படாது. ஹொண்டா எஸ்.ரீ. 1100 தருவதோ நூறு குதிரைவலுவை அண்மியது. ஆயினும் அச்சிறு வண்டி மூடை நெல்லையும் இரு மனிதரையும் ஏற்றிச் செல்கின்றது. இதில் அற்புதம் எதுவுமில்லை. தாழ்ந்த கியரிலே வேகத்தை இழந்து விசையைப் பெறுகின்றது, அவ்வளவே. வேகம் வேண்டாதவிடத்துக் காற்றும் பகையன்று. எனவே குதிரைவலுவின் எண்ணிக்கையை வண்டியின் தகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளும் விளம்பர வழக்கு, எவ்வேலைக்கு என்ற வினாவை மறைத்துவிடுகின்றது.

4

எஞ்சினின் ஆற்றலைப் பின்சில்லுக்குக் கொண்டு சேர்க்கும் முறையிலே இக்கருத்து மேலும் தெளிவுபெறும். பந்தய வண்டி சங்கிலியைப் பயன்படுத்துகின்றது. அது இலேசானது, ஆற்றலை மிகக் குறைவாகவே வீணாக்குவது, பற்சில்லுகளை மாற்றி விகிதத்தை எளிதில் மாற்றத்தக்கது. ஆனால் அது நீளும், எண்ணெய் வேண்டும், புழுதியிலே தேயும். நெடும்பயண வண்டிகளிற் பல, சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டைக் கையாள்கின்றன. தண்டு மூடிய குழாயினுள்ளே எண்ணெயிலூறிச் சுழல்வதால் மழையும் மணலும் அதனைத் தீண்டா. எஸ்.ரீ. 1100 வண்டியிலே எஞ்சினின் சுழல்தண்டே பயணத் திசையில் நீளவாட்டில் அமைக்கப்பட்டது. இவ்வமைப்புத் தண்டுவழிச் செலுத்தலுக்கு இயல்பாகப் பொருந்துவது.

இதற்கும் விலையுண்டு. தண்டு பாரமானது. வேகத்தைக் கூட்டும்போது வண்டியின் பின்பகுதி மேலெழும்ப முற்படும். பி.எம்.டபிள்யூ. 1987இல் இணைகர வடிவிலான இரட்டைக் கை அமைப்பைப் புகுத்தி இக்குறையைத் தணித்தது.

இதே சிக்கலுக்கு வேறொரு விடையும் இருந்தது. யப்பானிலே 1958இல் அறிமுகமான ஹொண்டா சுப்பர் கப், சங்கிலியைக் கைவிடாது, அதனை முழுமையான உறையொன்றினுள் மூடியது. அதன் கிளச்சு, ஓட்டுநரின் இடக்கையை நாடாது மையநீக்க விசையால் தானே இயங்கியது. ஒரு கையில் உணவுத் தட்டைத் தாங்கிச் செல்லும் கடைப் பையனும் ஓட்டத்தக்கதாக அது அமைய வேண்டும் என்பதே ஆக்கியோரின் எண்ணமாக இருந்தது. உலகில் அதிகம் உற்பத்தியான மோட்டார் ஊர்தி அதுவே. 2017இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த எம்.டி. 90, யப்பானியத் தபால் சேவைக்கென உருவானது. அங்கு பயன்படுத்திக் கழித்த வண்டிகள் இலங்கைக்கு வந்து இரண்டாவது வாழ்வைத் தொடங்கின. கடிதம் சுமந்த வண்டி நெல்லும் மீனும் சுமந்தது.

உவர்நீரும் சேறும் மாறிமாறித் தாக்கும் வாவிக்கரையில் மூடிய சங்கிலியின் அருமை எளிதில் விளங்கும். மூடியின்றிச் செல்லும் சங்கிலி ஒரு மாரிக்குள்ளேயே துருவேறித் தேயக் காணலாம். ஒரே தேவைக்குச் சுழல்தண்டு ஒரு விடை. தகர உறை மற்றொரு விடை. முன்னது உயர்ந்தது, பின்னது தாழ்ந்தது என்று கூறுதல் பொருந்தாது. இரண்டும் தத்தம் விலைக்கும் பாரத்துக்கும் வேகத்துக்கும் இயைந்தவை.

5

சுமையைப் பற்றிய பொறியியல் மேலும் நுட்பமானது. முன்சில்லைத் தாங்கும் கவர் நேர்க்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அச்சாய்வின் அச்சை நிலம்வரை நீட்டினால், அது ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலான தூரமே, கையை இறுகப் பற்றாமலும் சில்லு நேராகச் செல்லக் காரணம். இழுபட்டுச் செல்லும் சில்லு தானே நேராகும் என்பது அதன் தத்துவம். இத்தூரம் கூடினால் வண்டி நேர்வழியில் உறுதியாகச் செல்லும். குறைந்தால் வளைவில் இலகுவாகத் திரும்பும். விரைவு நெடும்பயண வண்டியின் வடிவமைப்பாளர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் அளவைத் தெரிந்தெடுத்து, அச்சிடைத் தூரத்தை 1500 மில்லிமீற்றரை ஒட்டி அமைக்கின்றார்.

இவ்வளவுகள் யாவும் சுமையேறியதும் மாறிவிடுகின்றன. பின்புறம் தாழும்போது முன்கவரின் சாய்வு மிகும், முன்சில்லின் மீதுள்ள பாரம் குறையும், வண்டி திரும்ப மறுக்கும், வேகத்தில் அலையும். அதனாலேயே இவ்வண்டிகளில் பின்வில்லின் முன்னிறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைக்கப்படுகின்றது. பிற்கால வண்டிகளில் ஒரு பொத்தானை அழுத்த மின்னணுச் சாதனம் அதனைச் செய்கின்றது. பக்கப் பெட்டிகள் தாழ்வாகவும் இயன்றவரை முன்னோக்கியும் பொருத்தப்படுவதும் இதன்பொருட்டே. எஸ்.ரீ. 1100 வண்டியிலே எரிபொருட் தாங்கியே ஆசனத்தின் கீழ் இறக்கப்பட்டது. மேலே தாங்கிபோலத் தோன்றுவது வெறும் மூடி. ஏறத்தாழ 28 லீற்றர் பெற்றோலின் பாரம் தாழ்ந்திருப்பதால் ஈர்ப்பு மையமும் தாழ்கின்றது.

மூடை ஏற்றும் வாவிக்கரை விவசாயியும் இவ்விதியையே பின்பற்றுகின்றார். ஒன்றை ஆசனத்தின் மீதே இயன்றவரை முன்தள்ளிக் கட்டி, அதன் விளிம்பில் அமர்ந்து ஓட்டுகின்றார். பாற்கலங்களை இருமருங்கும் தாழத் தொங்கவிடுகின்றார். பின்புறச் சொக்கின் படிவளையத்தைச் சாவியால் இறுதிப் படிவரை திருப்பி வைத்துள்ளார். ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. விரைவு நெடும்பயண வண்டியின் எடை எரிபொருளுடன் 300 கிலோகிராமை ஒட்டியது. அது சுமக்க அனுமதிக்கப்படும் பாரம் பொதுவாக 200 கிலோகிராமை அண்மியது. அதாவது, அது தன் சொந்த எடையிலும் குறைந்த பாரத்தையே சுமக்கின்றது. நூறு கிலோகிராமை ஒட்டிய எடையுள்ள சிறு வண்டியோ ஓட்டுநரோடும் நெல்லோடும் தன் எடையை மிஞ்சிய பாரத்தைச் சுமக்கின்றது. இது நமது மக்களின் சாமர்த்தியம் எனப் போற்றி அமைதலில் ஓர் ஆபத்து உண்டு. சட்டகம் வெடிப்பதும், பிறேக் பிடியாமற் போவதும், ரயர் பிளப்பதும் அச்சாமர்த்தியத்தின் மறுபக்கங்கள். வறுமை தன் கருவியை அதன் எல்லைக்கு அப்பாலும் வேலைவாங்குகின்றது.

6

எரிபொருள் பற்றியும் சில கூற வேண்டும். 28 லீற்றர் தாங்கியை ஒருமுறை நிரப்பினால் 400 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாம். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரை இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். ஒரு தீவை ஒரு தாங்கியில் ஏறக்குறையக் கடக்கும் நோக்குடன் ஆக்கப்பட்ட வண்டியைத் தீவின் விரைவுப் பெருந்தெருக்களிலே ஓட்ட முடியாது. 2011இல் தெற்கு விரைவுப் பெருந்தெரு திறக்கப்பட்ட காலந்தொட்டு அவற்றில் மோட்டார்ச் சைக்கிள்களுக்கு அனுமதியில்லை. எந்தப் பாதைக்கென அவ்வண்டி சிந்திக்கப்பட்டதோ அந்தப் பாதை இங்கே அதற்கு மூடப்பட்டுள்ளது.

2022இல் அந்நியச் செலாவணி வற்றி நாடு எரிபொருளின்றித் தத்தளித்தபோது, யூலை மாதத்தில் அடையாளக் குறியீட்டு முறை புகுத்தப்பட்டது. மோட்டார்ச் சைக்கிளுக்குத் தொடக்கத்திலே விதிக்கப்பட்ட வாராந்த அளவு 4 லீற்றர். பெருவண்டியின் தாங்கியை நிரப்ப அவ்வளவில் ஏழு வாரங்கள் வேண்டும். லீற்றருக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றர் ஓடும் சிறு வண்டிக்கு அந்நான்கு லீற்றரும் 200 கிலோமீற்றர் ஆகும். சிக்கனம் என்பது அறக்கூற்றாக அன்றி உயிர்வாழும் நிபந்தனையாக மாறிய அவ்வாரங்களில், சிறிய எஞ்சினின் பொறியியற் பெறுமதியை நாடு முழுவதும் கண்டது.

இதற்கு முன்னரே வடபகுதி இப்பாடத்தைக் கடுமையாகக் கற்றிருந்தது. 1990களில் பொருளாதாரத் தடையின்போது அங்கு மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினை முடுக்கிச் சூடாக்கியபின் மண்ணெண்ணெயை ஊட்டினர். இது எவ்வாறு இயன்றது? எரிபொருட் கலவையை மிகையாக நெருக்காத, தாழ்ந்த நெருக்க விகிதமுடைய பழைய எஞ்சின்கள், தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தையும் தாண்டி நெருக்கும் பெருவண்டியின் எஞ்சினில் அவ்வெரிபொருள் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து முசலத்தைச் சிதைத்துவிடும். உயர்ந்த செயற்றிறனுக்காகக் கொடுக்கப்படும் விலைகளில் ஒன்று, சகிப்புத்தன்மையின் இழப்பாகும்.

7

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, ஒவ்வொரு வண்டியும் அதனதன் உலகுக்குப் பொருத்தமானது எனக் கூறி அமைதி கொள்ளலாம். அம்முடிவு தவறானது. அதனைப் பிறேக் பற்றிய வரலாறு மறுக்கின்றது.

ஓடும் வண்டியைத் திடீரென நிறுத்தும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுகின்றது. ஆதலால் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்பிறேக்கிலேயே உள்ளது. ஆனால் முன்சில்லு பூட்டிக்கொண்டால் வண்டி கணத்தில் விழும். அவ்வச்சத்தால் நம்மவரிற் பலர் பின்பிறேக்கை மட்டுமே மிதிக்கின்றனர். பின்சில்லு பூட்டிக்கொண்டு வழுக, நிற்க வேண்டிய தூரம் நீள்கின்றது. சில்லு பூட்டாது காக்கும் பிறேக் அமைப்பு, அதாவது ஏ.பி.எஸ்., இவ்விடரைத் தீர்க்க எழுந்தது. ஒவ்வொரு சில்லின் சுழற்சியையும் உணரி ஓயாது அளக்கின்றது. சில்லு நின்றுவிடப் போகின்றது எனக் கண்டதும் அமுக்கத்தைக் கணநேரம் தளர்த்தி மீண்டும் கொடுக்கின்றது. அச்சமின்றி முழுப் பலத்துடன் பிறேக்கைப் பிடிக்க மனிதனுக்கு இது துணிவளிக்கின்றது.

மோட்டார்ச் சைக்கிளில் இவ்வமைப்பு 1988இல் பி.எம்.டபிள்யூ.வின் கே 100 வரிசையில், நெடும்பயண வண்டிகளிலேயே முதலில் விற்பனைக்கு வந்தது. அங்கிருந்து சிறு வண்டியை நோக்கி அது இறங்கி வந்த வேகம் ஆராயத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இலும் அதனையடுத்த ஆண்டிலும் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. இந்தியா 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே செய்தது. இரு சட்டங்களும் 125 என்ற எண்ணிலேயே கோட்டினை வரைந்தன. அதற்குட்பட்ட வண்டிகளுக்கு, ஒரு பிறேக்கை அழுத்த இரு சில்லும் தடைபடும் இணைப்பு முறையே போதும் எனப்பட்டது. முதல் வண்டியிலிருந்து சட்டம் வரையிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அச்சட்டமும் உழைப்பவர் ஓட்டும் வண்டியின் வாயிலில் வந்து நின்றுவிட்டது.

எஞ்சினின் கன அளவுக்கும் மண்டையோட்டின் உறுதிக்கும் யாதொரு தொடர்புமில்லை. இலங்கையின் வீதிகளில் உயிரிழப்போருள் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றோர் மிகப் பெரும் பிரிவினர். கணவன், மனைவி, நடுவிலே பிள்ளை என மூவர் செல்லும் சிறு வண்டிக்கே நிறுத்தும் உத்தரவாதம் அதிகம் தேவை. சந்தையோ அதனைத் தனியே செல்லும் பெருவண்டிக்கு முதலில் அளித்தது. பாதுகாப்பு என்பது மனிதத் தேவைக்கேற்பவன்றி வாங்கும் ஆற்றலுக்கேற்பப் பங்கிடப்பட்டது. தொழில்நுட்பத்தின் வரலாறு மனிதருக்கிடையிலான சமூக உறவுகளையும் வெளிக்கொணரும் என 1867இல் மார்க்ஸ் 'மூலதனம்' முதற்றொகுதியிற் சுட்டியதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

ஆயினும் பெருவண்டியின் பிறேக்கைப் பெயர்த்துச் சிறுவண்டியில் ஒட்டிவிட்டால் எல்லாம் தீரும் என்பதும் பேதைமை. தார்ப் பெருந்தெருவை மனங்கொண்டு ஆக்கப்பட்ட அவ்வமைப்பு, உதிர்ந்த கிறவலிலும் மணலிலும் நிற்கும் தூரத்தைச் சில வேளைகளில் கூட்டவும் கூடும். பூட்டிய சில்லு முன்னே குவிக்கும் கிறவற் கும்பமே அத்தகைய நிலத்தில் தடையாக உதவுவது. ஆகவே படுவான்கரையின் உள்வீதிகளுக்கும் மிகைச்சுமைக்கும் ஏற்ப அதன் கணிப்பு முறை மாற்றியமைக்கப்பட வேண்டும். அது இயலாத காரியமன்று. கரடுநிலப் பயண வண்டிகளில் பின்சில்லின் அமைப்பை நிறுத்திவைக்கும் வசதி ஏற்கெனவே உள்ளது. பணம் படைத்தவர் பொழுதுபோக்காகக் கிறவலிற் செல்லும்போது அதற்குரிய பொறியியல் பிறந்துவிட்டது. நாள்தோறும் கிறவலிற் செல்லும் விவசாயிக்கு அது பிறக்கவில்லை.

8

இறுதியாகப் பழுதுபார்த்தல். பெருவண்டியின் விசைமுடுக்கி, பிறேக், வில் ஆகியன இன்று மின்னணு மூளையொன்றின் வழியே பேசுகின்றன. அதன் மொழி நிறுவனத்தின் கருவிக்கு மட்டுமே புரியும். சிறு வண்டியை, சந்தியில் உள்ள கராஜ்காரர் சில சாவிகளோடும் தமது செவியோடும் திருத்துகின்றார். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டுப் பின்னர் 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை, புதிய வண்டி வராத அவ்வைந்தாண்டு காலத்தில் பழைய வண்டிகளை ஓடவைத்தவர்கள் இக்கராஜ்காரர்களே. உமணரின் உதிரி அச்சு இன்று அவர்களின் கைகளில் உள்ளது. அவர்களது அறிவு ஏட்டில் ஏறியதில்லை. பல்கலைக்கழகங்களின் பொறியியற் பீடங்கள் அதனைப் பதிவுசெய்து கற்க முன்வருதல் தகும்.

பெண்களின் நடமாட்டத்தில் இவ்வண்டிகள் விளைத்த மாற்றமும் இங்கு குறிப்பிடத்தக்கது. கியரும் கிளச்சுமின்றி, காலைத் தூக்கிக் கடக்க வேண்டாதபடி தாழ்ந்த தளத்துடன் அமைந்த ஸ்கூட்டர்களில் வாவியைக் கடந்து படுவான்கரைப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியைகளைக் காலைப் பொழுதில் காணலாம். யாருடைய உடலை மனங்கொண்டு ஒரு பொறி ஆக்கப்பட்டது என்ற வினாவுக்கு, தாழ்ந்த அத்தளம் தரும் விடை தெளிவானது.

9

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோமாயின், விரைவு நெடும்பயண மோட்டார்ச் சைக்கிள், விரைவும் சுமையும் என்னும் முரணை மிகுந்த அறிவாற்றலுடன் இணக்கிய ஓர் ஆக்கம் என்பது புலனாகும். காற்றுக்கவசம், சுழல்தண்டு, தாழ்த்திய எரிபொருட் தாங்கி, திருத்தத்தக்க வில், பூட்டாத பிறேக் என்பன மனித உழைப்பும் விஞ்ஞானமும் ஈட்டிய பேறுகள். அவற்றை அந்நியமென வெறுத்தல் அறியாமை. அவ்வண்டியை உச்சமெனக் கொண்டு நமது வண்டியைத் தாழ்வென எண்ணுதலும் அறியாமையே. இரண்டும் ஒரே பௌதிக விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. வேறுவேறு சமூகத் தேவைகளுக்கு விடையானவை.

ஆனால் தேருக்கென ஆக்கப்பட்டவற்றுட் சில, சகடத்துக்கே முதலில் உரியவை. நெல்லேற்றிக் கிறவலிற் செல்பவர் உரிய இடத்தில் நிற்கத்தக்க பிறேக், அவர் உண்மையாகச் சுமக்கும் பாரத்தைத் தாங்கும் சட்டகம், அவரது ஊரிலேயே திருத்தத்தக்க பொறி ஆகிய மூன்றும் பொறியியலால் இயலாதவை அல்ல. எவருடைய தேவையை முதலிற் கணக்கிலெடுப்பது என்ற தீர்மானமே அவற்றைத் தாமதப்படுத்துகின்றது. அத்தீர்மானத்தை மாற்றுவது பொறியியலாளரால் மட்டும் ஆவதன்று. வண்டியில் உயிரை வைத்துச் செல்லும் மக்கள் அதனைக் கோரிக்கையாக்க வேண்டும். எழுதவும் ஆராயவும் வல்லோர் அக்கோரிக்கைக்குச் சொல் வழங்க வேண்டும்.